எப்போ ஆரம்பிச்சது?

காணைப் பக்கத்து ஊர்களிலிருந்து வலிப்போடு ஒருவரைத் தூக்கிவந்தால் நான் முதலில் கேட்பது, "எப்போ ஆரம்பிச்சது?" என்றுதான். உயிர் போகிற நேரத்தில் மணிக்கணக்குக் கேட்கிறாரே என்று சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். ஊசி அதற்குள் ஏறிக்கொண்டிருக்கும். அடுத்து எதை எடுத்து வைப்பது என்பதை அந்த மணிக்கணக்குதான் சொல்லும்.

மூளை செல்லின் துடிப்பை அடக்குவது காபா என்ற ரசாயனம். அதை வாங்கும் ஏற்பிகள், ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து, நடுவே குளோரைடுக்கு வழிவிட்டுச் செல்லின் மேற்சவ்வில் நிற்கின்றன. நிரந்தரமாக நிற்பதில்லை. சாதாரண நாளிலும் செல் அவற்றை உள்ளே இழுத்து, சிலதை அழித்து, மிச்சத்தை மேலே அனுப்பியபடி இருக்கும். ஜெபிரின் என்ற புரதம் அவற்றை, செல்கள் சந்திக்கும் சினாப்ஸில் பிடித்துவைக்கிறது. ஏற்பியில் ஒட்டியுள்ள பாஸ்பேட், உள்ளே இழுக்கும் புரதங்களை நெருங்கவிடுவதில்லை. வலிப்பு நீண்டால் அந்தப் பாஸ்பேட் கழன்றுவிடுகிறது. ஏற்பிகள் உள்ளே போய்விடுகின்றன. 2005இல் நெய்லரும் வாஸ்டர்லைனும் எலி மூளையில் கணக்கிட்டார்கள்: ஒரு மணி நேர வலிப்பில், ஒரு சினாப்ஸில் வேலை செய்யும் ஏற்பிகள் 36லிருந்து 18 ஆகிவிட்டன.

வலிப்புக்கு முதலில் கொடுக்கும் லோரசெபாம், மிடசோலாம், டயசெபாம் மருந்துகள் இந்த ஏற்பிகளில் உட்கார்ந்து காபாவுக்குக் கை கொடுப்பவை. உட்கார இடமே குறைந்தால் என்ன செய்யும்? கபூரும் மெக்டொனால்டும் 1997இலேயே காட்டினார்கள்: பத்தாவது நிமிஷத்தில் எலியின் வலிப்பை அடக்கிய டயசெபாம், நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு தேவைப்பட்டது. அதே நேரத்தில் செல்லைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகள் மேலே ஏறிவருகின்றன. அடங்காத வலிப்புக்கு, அவற்றை அடைக்கும் கெட்டமினை எடுப்பது அதனால்தான்.

மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து லோரசெபாமை ஒவ்வொரு மில்லிகிராமாகக் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பெரியவர்களுக்கு 4 மில்லிகிராமை நிதானமாக, முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். கட்டுக்கடங்காத வலிப்பே மூச்சைக் கெடுக்கும்.

கரும்பு வெட்டும் பருவத்தில் முண்டியம்பாக்கம் சாலையில் லாரிகளைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வருவது லேசில்லை. அதனால் அடிக்கடி வலிப்பு வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது மிடசோலாம் மூக்கு ஸ்பிரேயை எழுதிக்கொடுத்து, அம்மாவின் கையிலேயே கொடுத்து அடிக்கச் சொல்லிப் பார்ப்பேன். இரும்புச் சாவி தேட வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, போனில் மணி பார்க்கட்டும். 5 நிமிஷம் தாண்டினால் ஸ்பிரே, கூடவே 108.