புது மண்டபத்துப் பாக்கி

மதுரையில் ஏழுகடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வைகையிலேயே வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் கிடையாது. ஏழு கடலுக்கு எங்கே போவது? மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலைக்குக் கடலாட வேண்டும் என்று ஆசை வந்ததாம். வயதானவளை அலைக்கழிப்பானேன் என்று மாப்பிள்ளை சொக்கநாதர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்துவிட்டாராம். மாமியாருக்கு இவ்வளவு செய்த மாப்பிள்ளை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதன் ஞாபகமாக அங்கே ஒரு குளம் இருந்தது. பிற்காலத்தில் அதையும் தூர்த்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். கடல் போய்க் குளமாகி, குளம் போய்க் கடையாகி, கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது.

எங்கள் ஊரில் பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. அந்தத் தெருவை ஒட்டித்தான் ராயகோபுரம் இருக்கிறது. அது கோபுரமே இல்லை. திருமலை நாயக்கர் ஆரம்பித்து, முடியாமல் நின்றுபோன அடித்தளம். கட்டி முடித்திருந்தால் மற்றக் கோபுரங்களெல்லாம் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் புது மண்டபம். அதற்கு வயது ஏறக்குறைய நானூறு. மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு நேர் எதிரே, வைகாசி வசந்த உற்சவத்துக்காக அதே நாயக்கர் கட்டியது. வெயில் காலத்தில் சுவாமியும் அம்மனும் வந்து குளுமையாக உட்கார்ந்திருக்கட்டும் என்று சுற்றிலும் தண்ணீர் நிற்கும்படி கால்வாய் கூட அமைத்திருந்தார்.

எங்கள் வீடு கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. மதுரை வீதிகளின் கணக்கை எந்தக் குழந்தையும் மறக்காது. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரால் தெருக்கள். அதற்கு வெளியே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் கோட்டை இருந்த இடத்தில் வந்தவை. 1840-ஐ ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது வேலையை மேற்பார்த்தவர்கள் அந்தப் பெயர்க்காரர்கள். அந்தக் கலெக்டருக்கு நன்றிக்கடனாக ஊரார் நட்டதுதான் விளக்குத்தூண். அந்த முனையில் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டு நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

அப்பா ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். கீழமாசி வீதியில் காலை பத்து மணிக்கு மேல் மூச்சை இழுத்தால் வெல்லமும், வற்றல் மிளகாயும், பூண்டும், சாக்குத் தூசியும் சேர்ந்து தொண்டைக்குள் போகும். அந்த வாசனையிலிருந்து புறப்பட்டு, வெண்கலக்கடைத் தெருப் பக்கமாக, ‘டங் டங்’ என்று பாத்திரம் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தால், கால் மணி நேரத்தில் புது மண்டபம் வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று அணைந்துபோகும். நான்கு வரிசையாக 120-க்கு மேற்பட்ட தூண்கள். தூணுக்குத் தூண் கடை. வளையல், சீப்பு, குங்குமம், பித்தளைக் குத்துவிளக்கு, மண்பானை மாதிரி குவிந்திருக்கும் எவர்சில்வர் சாமான். ஒரு பக்கம் புஸ்தகக் கடைகள். இன்னொரு பக்கம் தையற்காரர்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மதுரை ஜில்லாவே அங்கே வந்து புஸ்தகம் வாங்கும். சித்திரை மாதத்துக்கு முன்னால் அதே ஜில்லா வந்து அழகர் உடுப்புத் தைத்துக்கொண்டு போகும்.

அழகர் உடுப்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்கும்போது, வேண்டுதல் உள்ளவர்கள் அவரைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். தலையில் உருமால், இடுப்பில் ஜரிகை வைத்த சல்லடம், தோளில் ஆட்டுத்தோலால் ஆன தோப்பரை. அதில் தண்ணீர் நிரப்பி அழகர்மேல் பீய்ச்ச வேண்டும். இந்த உடுப்புகளைப் புது மண்டபத்தில் தைத்தவர்களில் பலர் முஸ்லிம்கள். பெருமாளுக்காகப் பாய் ஜரிகை வைத்துத் தைப்பதில் என்ன விசேஷம் இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் யோசித்ததில்லை. பாய் தைத்தால் தையல் விடாது என்பதுதான் எல்லோருடைய அபிப்பிராயமும்.

எனக்குப் பதினோரு வயதில் டைபாய்டு வந்தது. 1990-ஆக இருக்கலாம். மூன்று வாரம் கஞ்சியும் மாத்திரையுமாகக் கிடந்தேன். அம்மா அழகரிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்து எழுந்ததும் அந்த வருஷமே வேஷம் போடுவதென்று தீர்மானமாயிற்று.

நாங்கள் போன பாய்க்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர். கழுத்தில் இஞ்சுடேப் மாலைபோல் தொங்கும். அவருடைய மிஷினுக்குப் பின்னால் ஒரு தூண். அதில் ஆளுயரத்துக்குமேல் ஒரு உருவம். யார், என்ன என்று எனக்குத் தெரியாது. தைத்து முடித்த உடுப்புகளெல்லாம் கொத்துக் கொத்தாக அதன்மேல்தான் தொங்கும். நான் பார்த்ததெல்லாம் ஒரு கல் மூக்கும், ஜரிகைக்கு நடுவே எட்டிப் பார்க்கும் ஒரு கல் முழங்கையும்தான்.

“தங்கச்சி, பையன் இவ்வளவு மெலிஞ்சு போயிட்டானே! கொஞ்சம் பெரிசாவே தைக்கிறேன். அடுத்த வருஷம் சதை போட்டாலும் ஆகும்” என்றார் பாய்.

அம்மா முன்பணம் கொடுத்தாள். பதினைந்து ரூபாய் பாக்கி. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால், அந்தப் பதினைந்து ரூபாயை என் சட்டைப் பையில் வைத்து, ஊக்குக் குத்தி அனுப்பினாள்.

நேராகப் பாயிடம் போயிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. நான் புஸ்தகக் கடைப் பக்கமாகப் போனேன். அங்கே கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பெரிய எழுத்துப் புஸ்தகங்களை ஒரு வருஷமாகப் பார்த்து வைத்திருந்தேன். நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை, மதனகாமராஜன். எல்லாவற்றுக்கும் மேலே, தலையணை கனத்தில் விக்கிரமாதித்தன் கதை. விலை பன்னிரண்டு ரூபாய். படுக்கையில் கிடந்த மூன்று வாரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அழகர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் பாயிடம் போனேன். புஸ்தகம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“மிச்சப் பணத்தை அம்மா திருவிழா முடிஞ்சு தர்றாங்களாம்.”

பாய் என் முகத்தைப் பார்த்தார். ஊக்குக் கழன்ற சட்டைப் பையைப் பார்த்தார். உடுப்பைக் காகிதத்தில் சுற்றிச் சணல் கட்டினார்.

“சரி தம்பி, கொண்டு போ. சாமி காரியம் நிக்கக் கூடாது.”

மிச்சம் மூன்று ரூபாய்க்கு விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடித்தேன். குற்றவாளிகள் இப்படித்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள்.

வேஷம் நன்றாகவே அமைந்தது. விடியற்காலை இருட்டில், லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே, அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து தண்ணீர் பீய்ச்சினேன். அழகர்மேல் பட்டதோ என்னவோ, முன்னால் நின்றவர்மேல் நிச்சயமாகப் பட்டது. ‘கோவிந்தா’ என்ற சத்தத்தில் உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஜரிகை இடுப்பில் உறுத்தும்போதெல்லாம் பதினைந்து ரூபாய் ஞாபகம் வந்தது.

ஒரு மாதம் கழித்து அம்மாவோடு அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. என் கை கால் வெலவெலத்துவிட்டது. பாய் எழுந்து நின்று பேசினார். உடுப்பு சரியாக இருந்ததா என்று கேட்டார். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டு நின்றாள். விடைபெறும்போது அவர் என் தலையில் கை வைத்து, “தம்பி நல்லாப் படிக்கணும்” என்றார். பெரியவர்கள் எல்லோரும் சொல்வதுதான் என்று எண்ணித் தப்பித்தோம் பிழைத்தோம் என்று நடந்தேன்.

எட்டு வருஷம் ஆயிற்று. காலேஜில் படிக்கிறபோது ஒரு நாள் பழைய புஸ்தகம் தேடி மண்டபத்துக்குப் போனேன். மீசை முளைத்துவிட்டது, அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில் அவரைக் கடந்து போனேன்.

“என்ன தம்பி, விக்கிரமாதித்தனை முடிச்சாச்சா?”

மிஷினை நிறுத்தாமலே கேட்டார். திரும்பிப் பார்த்தேன். புஸ்தகக் கடை நாலு தூண் தள்ளி, அவர் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது. அன்றைக்கு நான் ஊக்கைக் கழற்றியதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

என் பையில் அப்போது ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டினால் அவருடைய பெருந்தன்மைக்கு விலை போட்ட மாதிரி ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாஸ்தவத்தில் வெட்கம்தான் காரணம். அதோடு இன்னொரு நினைப்பும் இருந்தது: எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். நானூறு வருஷமாக நிற்கிற மண்டபம் எங்கே போய்விடப் போகிறது?

மண்டபம் எங்கும் போகவில்லை. கடைகள்தான் போயின.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கோயிலுக்குள் கீழைக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்தது. கல் மண்டபம், கல்லுக்கு என்ன ஆகும் என்று நினைத்திருந்தோம். சூடு தாங்காமல் கல்தூண்கள் வெடித்துக் கூரை சரிந்தது. அதன் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகளை எடுத்தார்கள். நாலைந்து வருஷத்துக்குள் புது மண்டபத்துக் கடைகளும் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி புதிதாகக் கட்டிடம் எழுப்பியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட அறை, இழுத்து மூடும் இரும்புக் கதவு.

சென்னையில் இருந்துகொண்டு இதையெல்லாம் பத்திரிகையில் படித்தேன். கடைகளை எடுத்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிற்பத்தின்மேல் ஆணி அடித்துப் பலகை மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பொறி போதும், அங்கே இருந்த துணிக்கும் காகிதத்துக்கும்.

கடைகள் காலியான பிறகு ஒரு தடவை மதுரைக்குப் போயிருந்தபோது, மண்டபத்தின் வாசலில் போய் நின்றேன். இருபது வருஷம் போய் வந்த இடத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். கல்யானை கரும்பு தின்கிறது. ராவணன் கைலாசத்தைப் பெயர்க்கிறான். ஒற்றைக் காலைத் தலைக்குமேல் தூக்கிச் சிவன் ஆடுகிறார். நடுவரிசைத் தூண்களில் விசுவநாதரிலிருந்து திருமலை நாயக்கர்வரை பத்து நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். இத்தனை பேரும் வளையலுக்கும் வாளிக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தார்களா! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் ஒரே நிசப்தம். மிஷின் சத்தம் இல்லை. “அக்கா வாங்க, பாத்துட்டுப் போங்க” என்ற குரல் இல்லை. புதுத் துணியின் கஞ்சி வாசனை போய் வௌவால் வாசனை லேசாக வந்தது. பாயின் தூண் எது என்று நின்ற இடத்திலிருந்தே எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரியென்றால், அங்கேயும் ஒரு ராஜாதான் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அந்த மூக்கு எனக்குத் தெரியும். தோள்மேல் இப்போது ஒன்றும் தொங்கவில்லை. அவரைப் பார்க்க எனக்கு என்னமோ குளிருகிற மாதிரி இருந்தது.

குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய் அறை அறையாக விசாரித்தேன். தையற்காரர்கள் இருக்கிறார்கள், அழகர் உடுப்பும் தொங்குகிறது. எங்கள் பாய் இல்லை. மிஷின்மேல் குனிந்திருந்த ஒரு இளைஞர்தான் நினைவுபடுத்திக்கொண்டு சொன்னார்:

“அவரா? அவரு இங்க கடை எடுக்கலைங்க. கண்ணு மங்கிப்போச்சு, ஊசி கோக்க முடியலைன்னாரு. மக வீட்டுக்குப் போயிட்டாரு, தேவகோட்டைப் பக்கம். நீங்க யாரு, சொந்தமா?”

“இல்லை. கொஞ்சம் பாக்கி இருக்கு.”

“அவரு தரணுமா?”

“நான்தான் தரணும்.”

இளைஞர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாக்கி வாங்க வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். விசாரித்து விலாசம் எழுதிக் கொடுத்தார்.

பதினைந்து ரூபாய்க்கு இத்தனை வருஷத்து வட்டி என்ன என்று எனக்குக் கணக்குத் தெரியாது. அந்தப் புஸ்தகத்தால்தான் நான் கதை எழுத வந்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். அதை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று மட்டும் எங்கேயும் சொன்னதில்லை. அம்மாவிடமும், அவள் கண் மூடுகிறவரை, சொல்லவில்லை.

தேவகோட்டைக்கு மதுரையிலிருந்து பஸ் இருக்கிறது. போய்ச் சேர அதிக நேரமும் ஆகாது. அன்றைக்கு எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. விலாசச் சீட்டு இதோ, மேஜைமேல்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டுப் போக வேண்டும்.