பொன்மலை மரங்களும் ஒரு கோணல் போன்சாயும்

திருச்சி ஜங்ஷனில் தஞ்சாவூர் பாசஞ்சரில் ஏறி, பையை மேலே வைத்து உட்காருவதற்குள் பொன்மலை வந்துவிடும். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் இங்கே இடம் மாறியது. அதைச் சுற்றி ஒரு பெரிய குடியிருப்பும் வளர்ந்தது. ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஊர் என்றுதான் பலருக்கும் பொன்மலையைத் தெரியும். ஆனால் பணிமனைக்கு வெளியே, குவார்ட்டர்ஸ் சாலைகளில் பார்க்க வேண்டியவை மரங்கள். வீட்டில் ஒரு கோணல் போன்சாயை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கோணல் போன்சாய் என்றால்? நர்சரியில் ‘ஃபைகஸ்’ என்று விற்பது பெரும்பாலும் கல் இச்சி. ஆலுக்கும் அரசுக்கும் பங்காளி. தண்டைப் பாம்பு மாதிரி ‘எஸ்’ வடிவில் வளைத்திருப்பார்கள். பரிசாக வந்த நாளில் அழகுதான். நாலைந்து வருடத்தில் தலை கனத்து, ஒரு பக்கம் கிளையே இல்லாமல், ஆடிக் காற்றுக்குத் தொட்டியோடு கவிழும். இனி வளைப்பதா, வெட்டுவதா? வளைத்தது பிடிக்காவிட்டால் நிமிர்த்திக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

பலர் உடனே ஜப்பானியப் படங்களைத் தேடுவார்கள். அவற்றில் இருப்பது பைன்: கூம்பு போன்ற தலை, அடுக்கடுக்கான கிளைகள். இச்சியை அப்படி வெட்டினால் மாறுவேடப் போட்டிக்கு வந்த குழந்தை போலிருக்கும்.

அதைவிட ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். தண்டு உயரமாகப் போவதில்லை. கொஞ்ச உயரத்திலேயே பிரிந்து குடையாக விரிகிறது. மின்கம்பிக்காக ஒரு பக்கம் வெட்டப்பட்ட வேம்பைப் பாருங்கள். முழுக்கச் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அசிங்கமாகத் தெரியாது. காரணம் தரையில் இருக்கிறது: சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தடித்த வேர்கள் மண்ணைக் கவ்வியிருக்கும். சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் காற்றில் சாய்ந்துவிட்டது. இன்று விழுதுகளின் பலத்தில் நிற்கிறது. நடுவில் தண்டே இல்லாத அதை யாரும் கோணல் மரம் என்று சொல்வதில்லை.

ஆக, தொட்டியிலும் முதலில் பார்க்க வேண்டியது வேரைத்தான். மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கி, வேர் நன்றாகப் பரந்திருக்கும் பக்கத்தை முகப்பாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் ஒரு பக்கம் செங்கல் துண்டைக் கொடுத்துச் சாய்த்துப் பாருங்கள். பாதி கோணல் அதிலேயே சரியாகிவிடும். சந்தேகமான கிளையைத் துணியால் மறைத்து போனில் படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்தும் அந்தக் கிளை இல்லாத படமே பிடித்திருந்தால் வெட்டலாம்.

கனத்த தலையை வீணாக்கவும் வேண்டாம். விண்பதியம் போட்டு வேர் விட்டபின் பிரித்தால் அது இன்னொரு மரம். கீழே மிஞ்சும் குட்டைத் தண்டு, புதுத் துளிர் விட்டு, காலப்போக்கில் ஆலமரச் சாயலுக்கு வரும். பாம்பு வளைவும் பாதிக்கு மேல் போயிருக்கும்.

கத்திரி வெயிலில் மட்டும் இந்த வேலை கூடாது. மழை பெய்து காற்றில் ஈரம் இருக்கும்போது வெட்டினால் சீக்கிரம் துளிர்க்கும். பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வைத்துக்கொள்ளும் கிளைகளின் நுனியில் சில இலைகளை விட்டு வையுங்கள். மொட்டையாக்கிய கிளையை இச்சி சில சமயம் கைவிட்டுவிடும்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாசலில் நட்டு வளர்த்த வேம்பு அங்கேயேதான் நிற்கும்; அடுத்து வருபவர் அதன் நிழலில் பைக் நிறுத்துவார். டெம்போவில் ஏறுவது தொட்டிகள்தான். முப்பது வருடம் பார்த்த மரத்தின் சாயல் அதில் ஒன்றுக்காவது இருந்தால், புது அபார்ட்மென்ட் பால்கனியில் அதைப் பார்க்கும்போது பழைய தெரு ஞாபகம் வரும். கடையில் வாங்கிய ‘எஸ்’ அதைத் தராது.

கம்பி சுற்றியவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இச்சி வேகமாகப் பருக்கும். கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் சுற்றிக் கழற்றாமல், துண்டு துண்டாக வெட்டி எடுப்பதே நல்லது.