ஹெட்டை இறக்குவதற்கு முன்

பௌர்ணமி கழிந்த மறுநாள் திருவண்ணாமலைப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழுகிற புகார் இது: "வண்டி தண்ணி குடிக்குதுண்ணே, எங்க ஒழுகுதுன்னே தெரியல." சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர் ஓடிவந்த பழைய குவாலிஸ், சுமோ, இண்டிகா டீசல் வண்டிகள், ஊர் எல்லையில் கிரிவலக் கூட்டத்துக்குள் ஏசி போட்டபடியே முதல் கியரில் ஊர்கின்றன. எதிர்க்காற்று இல்லாமல் சூடேறும்போது, அதுவரை மறைந்திருந்த பலவீனம் வெளியே வருகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது என்றதும் பலர் சொல்லும் தீர்ப்பு, "ஹெட் கேஸ்கட் போச்சு." இங்குள்ள பட்டறைகளில் நின்று வேலையைக் கவனித்த எனக்கு உறுதிப்பட்டது வேறு. ஹெட்டை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முந்தைய தேடலுக்குத் தனிக் கூலி கொடுக்காதவரை, அது முதல் வேலையாகவே இருக்கும்.

தேடலைக் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது தொடங்க வேண்டும். சூடான எஞ்சினில் கசிகிற துளி கீழே விழுமுன்பே ஆவியாகிவிடும். சூட்டில் விரிந்து இறுகும் ஓஸ் பைப், குளிர்ந்த பிறகுதான் கிளிப்புக்கடியில் இடைவெளி காட்டும். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை, 0.9 அல்லது 1.1 பார், ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மெக்கானிக். முள் இறங்கினால் டார்ச்சோடு குனிகிறார். ஓஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்த உப்புப் படிவம், வாட்டர் பாடியின் (தண்ணீர் பம்பின்) அடியில் இருக்கும் சிறு கசிவுத் துளையிலிருந்து இறங்கிய கறை: இவை காய்ந்துபோன கசிவின் தடயங்கள். அடுத்தது மூடி. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தக் காப்பு போய்விடுகிறது. ரேடியேட்டர் குறைந்து ஸ்பேர் டப்பா மட்டும் நிறைந்திருந்தால், ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப இழுக்க வேண்டிய மூடி வால்வோ, டப்பாவுக்குப் போகும் சின்னக் குழாயோ பெரும்பாலும் கெட்டிருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும். அப்போதும் கேஸ்கட் ஒன்றே குற்றவாளி அல்ல. அழுத்தத்தை இரவெல்லாம் வைத்திருந்து, காலையில் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றினால், எந்த சிலிண்டரில் தண்ணீர் இறங்கியதோ அதிலிருந்து பீச்சியடிக்கும். புகைவாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவம் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும். டீசலில் பச்சையோடு நின்றுவிடலாம். ஐடிலில் டீசல் எஞ்சின் தேவைக்கு மிஞ்சிய காற்றை இழுப்பதால் கரியமில வாயு குறைவு. ஆகவே நின்ற வண்டியில் நிறம் மாறவில்லை என்று விட்டுவிடக் கூடாது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் பாரத்தோடு ஓட்டிவந்து சோதித்தால் நம்பலாம். ஆயிலும் சுத்தம், நிறமும் மாறவில்லை, காலையில் மட்டும் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப்புகை என்றால், இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள் திருப்பிவிடும் புகையைக் குளிர்விக்கும் பகுதி) உள்ள வண்டிகளில் அதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒழுகும் கூலன்ட் நேராகப் புகையோடு கலக்கிறது.

இருபது, முப்பது வருட அனுபவத்துக்கு இந்தச் சோதனையெல்லாம் எதற்கு, பார்த்தாலே தெரியுமே என்று சொல்வார்கள். அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். பல நேரம் அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் தவறும்போது விலை பெரிது. ஹெட்டைத் தேவையில்லாமல் இறக்கினால், லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து உலோகத்தையும் இழக்கிறோம். அதற்கு எல்லை உண்டு. டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். இவ்வளவும் செய்தபின் மூடிதான் காரணம் என்றால், வண்டி மறுபடி தண்ணி குடிக்கும். சவாரி ஓட்டுபவர் கேட்பது இன்னும் நியாயமான கேள்வி: ஒரு ராத்திரி வண்டி நின்றால் அன்றைய வருமானம்? அதனால்தான் போர் தண்ணியை ஊற்றி ஓட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் படிகிறது. துருவைத் தடுக்கும் கூலன்ட் நீர்த்துப்போகிறது. மிச்சம் பிடித்த அந்த ஒரு நாள் பிறகு ஒரு வாரமாகப் போகக்கூடும்.

ஆனால் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பில்லில் கேஸ்கட் செட்டுக்கு ஒரு வரி, லேத்துக்கு ஒரு வரி, ஏற்றி இறக்கிய கூலிக்கு ஒரு வரி. டார்ச் பிடித்துக் குனிந்து தேடிய ஒரு மணி நேரத்துக்கு வரியே இல்லை. கழற்றினால் சோறு, தேடினால் பட்டினி என்றிருக்கும்போது எவரும் கழற்றவே செய்வார். எனவே வண்டியை விடும்போதே சோதனைக் கூலியைத் தனியாகப் பேசிவிட வேண்டும். ஒழுகும் இடம் அகப்படாவிட்டாலும் அதைக் கொடுக்க வேண்டும். கூடவே எந்தத் தேதியில் எவ்வளவு ஊற்றினோம், ஓடியபின் குறைந்ததா, ராத்திரி சும்மா நின்றபோது குறைந்ததா என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், மெக்கானிக்குக் காலையில் பம்பை மாட்டுவதற்கு முன்பே பாதி வழி தெரிந்துவிடும்.