தாயார் உடுத்திய சேலை

தாயார் விட்டுச்சென்ற தகரப்பெட்டியில் இரண்டு சேலைகள் இருந்தன. ஒன்று கலியாணப் பட்டு. மற்றது செடெனாக்கில் அவர் பால்மரம் வெட்டப் போகையில் உடுத்தியது. அதன்மேல் அணிந்த தகப்பனாரின் முழுக்கைச் சட்டையும் உடனிருந்தது. இரப்பர்ப் பால் உறைந்து கறுத்து, முன்புறம் தோல்போல் விறைத்திருந்தது. பட்டுச்சேலையை வைத்துக்கொண்டு இவற்றை எரித்துவிடும்படி தம்பி சொன்னான்.

தமிழ்ப் பெண்ணின் சரித்திரம் பட்டில் மட்டுமா எழுதப்பட்டது? திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டும், ஆடை கிழிபட்டும் போராடினர். 1859 ஜூலை 26-ல் அரச கட்டளை பிறந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்டிர் அணியும் பாங்கில் அணியலாகாது என்றொரு நிபந்தனை! 1943-ல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாத் தோட்டப் பெண்கள் சேலையை விடுத்துக் கால்சட்டை அணிந்தனர். ஏழையின் ஆடையோ பெரும்பாலும் தொட்டிலாகி, பிறகு கரித்துணியாகி மறைந்துபோகும்.

கல்லூரிகளில் பழந்துணி ஆராய்வோர் கறையை அழுக்கென்று ஒதுக்கார். தேய்ந்த இடமும் ஒட்டுத் தையலுமே அவர்களுக்கு ஏடு. இச்சட்டையின் வலத்தோளில் மட்டும் மூன்று ஒட்டுகள். பால்வாளிகள் தொங்கிய காண்டாக் கம்பு அழுத்திய இடம் அது. வெளுத்தால் அந்தச் சாட்சி போய்விடும்.

ஆகவே வெளுக்கவில்லை. மடித்தால் காய்ந்த இரப்பர் வெடித்து நூலையும் அறுக்குமாதலால், தூய பருத்தித் துணியோடு தளர உருட்டி, தாயார் பெயரெழுதிய சீட்டுடன், வெயிலும் ஈரமும் எட்டாத இடத்தில் வைத்தேன். பட்டுச்சேலையைத் தம்பியின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.