ஐந்தரை மணி நேரப் பிழை

பொம்மனஹள்ளி, திங்கள்

ஓசூர் சாலையை ஒட்டிய இந்தப் பகுதியில் பில் போடும் கம்ப்யூட்டர் இல்லாத கடை அரிது. பல கடைகளில் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் திறந்தால், திரையின் மூலையில் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி முதல் தேதி நிற்கும். கை உடனே அதைத் திருத்தப் போகும். அதைத்தான் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்பது என் கட்சி. கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதே அது ஏன் தப்பு என்பதற்கான தடயம். பார்க்காமல் திருத்தினால் தடயம் அழிந்துபோகிறது. ஆண்டே பின்னுக்குப் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். கரண்ட் இல்லாதபோது, நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை ஓட்டுவது அந்த 3 வோல்ட் செல்தான். (அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும், அதுதான் நொடித் துடிப்பு.) பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை செல்லுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. மெயினை அணைக்காத இரவில் நேரம் பிசகவில்லை, அணைத்த இரவில் பிசகுகிறது என்றால் வேறு சாட்சி வேண்டாம். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் முதலில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

நெட் வந்ததும் தானாகச் சரியாகிவிடுமே என்பார்கள். சின்னப் பிழைக்கு அது உண்மை. ஆனால் தனிக் கம்ப்யூட்டரில் விண்டோஸின் நேரச் சேவை, இயல்பான அமைப்பில், 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தைத் திருத்த மறுத்துவிடும். சர்வர் ஏதோ உளறுவதை நம்பி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை அது. ஆக, தானியங்கித் திருத்தம் யாருக்கு மிக அவசியமோ அவருக்கே அது கைகொடுக்காமல் போகலாம். வங்கி இணையதளமும் திறக்காது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2017இல் நிற்கும் கம்ப்யூட்டரின் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

புதன்

பிழை சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் செல் குற்றவாளி அல்ல. மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் வழக்கமாக அதை, இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம் என்று கொள்கிறது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டிருந்தால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வரும்போது நேரம் ஐந்தரை மணி பின்தங்கும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸ் அமைப்பை மாற்றினால் பிணக்கு தீரும். புதுச் செல் நூறு போட்டாலும் தீராது.

இலங்கையில் இதைவிட நுட்பமான சிக்கல் வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே மாதம் அந்நாடு தன் நேரத்தை உலகப் பொது நேரத்திலிருந்து +6:30க்கு நகர்த்தி, அக்டோபரில் +6:00 ஆக்கி, 2006 ஏப்ரல் 15 அன்று +5:30க்குத் திரும்பியது. விண்டோஸ் பட்டியலில் இலங்கை மண்டலம் அப்போதும் +6:00தான். கம்ப்யூட்டர்கள் அரை மணி முந்தின. முள்ளைத் திருப்புவதுபோல் நேரத்தை மட்டும் குறைத்தவர்களுக்குத் திரை சரியானது, ஆனால் உள்ளே பொது நேரம் அரை மணி கெட்டது. பட்டியலில் சென்னை, கொல்கத்தா என்றிருந்த மண்டலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டும் சரியாகியிருக்கும்.

சனி

மீதி இருப்பது சில நிமிடப் பிழை. படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் தள்ளும். இங்கே எதுவும் பழுதாகவில்லை, ஒப்பிட்டுத் திருத்துவதுதான் நின்றிருக்கிறது. அலுவலக ஃபயர்வால் 123ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட என்டிபி நெறிமுறை அந்த வழியாகத்தான் நேரம் கேட்கிறது.

இரண்டு நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடும்? மளிகைக் கடை பில்லுக்கு ஒன்றும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி செயலிக்கு அது அதிகம். இந்தச் சாலையில் கொஞ்சம் தெற்கே, எலக்ட்ரானிக் சிட்டி நிறுவனங்களுக்கு இது சட்டப் பொறுப்பும்கூட. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. இரண்டு சர்வர்களின் பதிவு நிமிடக்கணக்கில் முரண்பட்டால், திருடன் முதலில் எந்தக் கதவைத் திறந்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியது குறைவு. தப்பான தேதியையும் நேரத்தையும் அப்படியே ஒரு சீட்டில் எழுதி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். செல்லை மாற்றினால் பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் அது இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடலாம்.