மண்ணும் மெழுகும் மீஸானும்



பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பங்களை நோக்கி நம் சமுதாயத்தில் எழும் கேள்விகள் பல. தேர்வை எங்கே எழுதுவது, சான்றிதழுக்கு என்ன வழி என்பனவற்றுக்கு விடை எளிது. இரண்டு கேள்விகள்தாம் கடினமானவை. ஆய்வுக்கூடம் இல்லாத வீட்டில் இயற்பியலை எவ்வாறு கற்பிப்பது? நான்கு சுவர்களுக்குள் வளரும் பிள்ளை, நம்மோடு வாழும் பிற சமயத்து மக்களை எவ்வாறு அறிந்துகொள்ளும்? இவ்விரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும் என்று நாங்கள் எண்ணியிருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, குடமுருட்டி பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர்களில் வாழும் ஐந்து குடும்பத்தினர் நாங்கள். எங்கள் பிள்ளைகள் எழுவர். நான்கு ஆண்கள், மூன்று பெண்கள். 14 முதல் 17 வயது வரை உள்ளவர்கள். சிலர் குர்ஆனை மனனம் செய்வதற்காகப் பள்ளியிலிருந்து நின்றவர்கள். சிலர் உடல்நலம் கருதி வீட்டில் பயில்பவர்கள். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிறுவனத்தின் வழியே, 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். அறிவியல் பாடத்தில் செய்முறைத் தேர்வும் உண்டு. அந்தச் செய்முறைதான் எங்களை வீட்டுக்கு வெளியே அழைத்துச் சென்றது.

கையால் செய்து கற்பது நமக்குப் புதிதன்று. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசத்தின் வளையங்களை அளவாக அமைக்கக் கட்டளையிட்டதையும் ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. அளவு என்ற சொல் அங்கே வருவதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தம் கை உழைப்பால் உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்றும், தாவூத் நபி அவ்வாறே உண்டார் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மனனம் செய்யும் நாவுக்கு இருக்கும் கண்ணியம், அளந்து செய்யும் கைக்கும் உண்டு.

எனினும், தஞ்சை மண்டலத்தில் கைவேலை என்றாலே சிற்பம் முன்னே வந்து நிற்கும். மண்ணும் மெழுகும் உலோகமும் இங்கே நூற்றாண்டுகளாக உருவங்களாகி வருகின்றன. ஆகவே எதையும் தொடங்குமுன் எங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் சென்று கேட்டோம். அவர் ஒரே சொல்லில் விடை தரவில்லை. உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வோர் பற்றி ஹதீஸ்களில் வந்துள்ள கடும் எச்சரிக்கைகளை முதலில் எடுத்துரைத்தார். உருவம் செய்து பிழைத்த ஒருவரிடம், செய்துதான் ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதை அடுத்துச் சொன்னார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அதனைக் கொண்டு குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு அறிஞர் பலர் இடமளித்திருப்பதையும் விளக்கினார். இறுதியில், “உங்கள் பிள்ளைகள் குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்கள்; பேணுதலான பக்கத்தில் நில்லுங்கள்” என்றார்.

நாங்கள் அவ்வாறே வரம்பு வகுத்துக்கொண்டோம். நெற்கதிர், வாழைப்பூ, குதிர், குடம், மாடம், மினாரா, வடிவியல் உருக்கள் ஆகியவை எங்கள் சிற்ப வகுப்பின் பொருள்கள். இந்த வரம்பு வகுப்பைச் சுருக்கிவிடும் என்று சிலர் அஞ்சினர். நடந்தது வேறு. முகமுள்ள சிற்பத்தைப் பார்ப்பவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். முகம் இல்லாத பொருளில், எடை எங்கே இருக்கிறது, எது எதைத் தாங்குகிறது, ஏன் விழாமல் நிற்கிறது என்பவை கண்ணுக்குப் படத் தொடங்குகின்றன. அங்கேதான் இயற்பியல் இருக்கிறது.

முதல் பாடம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் அடிப்பாகம். புவிசார் குறியீடு பெற்ற அப்பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும், மேற்பாகம் காகிதக்கூழால் ஆனதாக இலேசாகவும் இருப்பதே காரணம். பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் களிமண்ணை நிரப்பி, அதன்மேல் காகிதக்கூழால் குதிர் வடிவத்தை எழுப்பினார்கள். சாய்த்தால் எழுந்தது. பிறகு குதிரின் உச்சியில் சிறிது சிறிதாகக் களிமண்ணை ஒட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு கட்டத்தில் குதிர் எழ மறுத்துச் சாய்ந்தே கிடந்தது. பொருளின் ஈர்ப்பு மையம், அடிப்பாகத்தின் வளைவு மையத்துக்குக் கீழே இருக்கும்வரைதான் அது எழும்; மேலே போனால் விழும். பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததை அன்று அவர்கள் விரல்நுனியில் உணர்ந்தார்கள். செய்வதற்கு முன்பு என்ன நடக்கும் என்பதை ஏட்டில் எழுத வேண்டும், செய்த பின் நடந்ததை எழுத வேண்டும், முதலில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் விதி.

இரண்டாம் பாடம் நிறுவை. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறையொன்றிலிருந்து பித்தளைத் துண்டு ஒன்றை வாங்கி வந்தோம். சுருள்வில் தராசில் தொங்கவிட்டபோது 425 கிராம் காட்டியது. அதே துண்டை நீரில் மூழ்க வைத்தபோது 375 கிராம். குறைந்த 50 கிராம், துண்டு விலக்கிய நீரின் எடை. 425-ஐ 50-ஆல் வகுத்தால் 8.5, அதுவே நீரோடு ஒப்பிட்ட அதன் அடர்த்தி. செம்புக்கு இது ஏறத்தாழ 8.96, துத்தநாகத்துக்கு 7.1. இரண்டும் கலந்த பித்தளை நடுவே நிற்கிறது. ஒரு பொருளை உடைக்காமல், உரசாமல், அதன் கலவையைத் தராசு சொல்லிவிடுகிறது என்று பிள்ளைகள் வியந்தனர்.

அவர்கள் அறிந்திராத ஒரு பெயரை அப்போது சொன்னோம். மர்வ் நகரில் அடிமையாக வாழ்ந்து, எசமானரின் ஆதரவால் கல்வி பெற்ற அல்காஸினி, 1121-இல் ‘மீஸானுல் ஹிக்மா’, அதாவது ஞானத் தராசு என்னும் நூலை எழுதினார். உலோகங்களின் தூய்மையை நீரில் நிறுத்து அறியும் நுண்ணிய தராசை அதில் விரிவாக விளக்கினார். ஈர்ப்பு மையங்களைப் பற்றியும் ஆராய்ந்தார். வானை உயர்த்தித் தராசை நிலைநாட்டியதாக அர்ரஹ்மான் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அளவையில் குறைப்போருக்குக் கேடு என முதஃப்பிஃபீன் அத்தியாயத்தில் ஓதுகிறோம். தராசைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்த வசனங்கள் இன்னும் நெருக்கமாகின்றன.

மூன்றாம் பாடம்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாட்டை எழுப்பியது. மெழுகு வார்ப்பு முறையைக் காண வேண்டுமானால், கும்பகோணத்தை ஒட்டிய சுவாமிமலைக்குத்தான் செல்ல வேண்டும். அங்குள்ள பட்டறைகளில் வார்க்கப்படுபவை பெரும்பாலும் கோயில்களுக்கான திருமேனிகள். எங்களுள் ஒரு குடும்பத்தார், தம் பிள்ளையை அனுப்ப மனம் ஒப்பவில்லை என்றனர். அவர்கள் தயக்கம் ஈமானின் அக்கறையிலிருந்து எழுந்தது. அதை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. அப்பிள்ளை மெழுகுப் பாடத்திற்குப் பதிலாக நாச்சியார்கோயிலில் மணல் அச்சில் விளக்குத் தண்டு வார்ப்பதைக் கற்றான். அங்கே விளக்கின் உச்சியில் அன்னப்பறவை வைப்பது வழக்கம். அவன் செய்த சிறு மாதிரியின் உச்சியில் ஒரு மொட்டு இருக்கிறது.

ஏனைய ஆறு பேரும் சுவாமிமலைக்குச் சென்றார்கள். பெண்பிள்ளைகளுடன் தாய்மாரும் உடன் சென்றனர். பட்டறைப் பெரியவர் எங்களிடம் முதலில் கேட்டது இதுதான்: “உங்கள் பிள்ளைகள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள் பாய். அதற்கேற்பக் கற்றுத் தருகிறேன்.” நெற்கதிர் என்றோம். அவர் மகிழ்ந்து, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்.

மெழுகுக் கதிரின்மேல் காவிரியின் நைந்த வண்டலை முதலில் மெல்லிய பூச்சாகப் பூசினார்கள். அவ்வளவு நுண்ணிய மண்ணானதால்தான் நெல்மணியின் கோடு வரை அச்சில் பதிகிறது. அது காய்ந்தபின் வயற்களிமண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சு. பின்பு அச்சைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வழிந்துவிடும். தேன்மெழுகு 65 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகும். செம்பு உருகுவதற்கோ 1085 டிகிரி வேண்டும். அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால், உலோகம் பட்டவுடன் அது நீராவியாகி அச்சையே வெடிக்கச் செய்யும். ஆகவே உருக்கி ஊற்றும் வேலையைப் பட்டறையாரே செய்தனர். பிள்ளைகள் தொலைவில் நின்று பார்த்தனர்.

ஊற்றுவதற்கு எவ்வளவு உலோகம் வேண்டும்? மெழுகுக் கதிரின் எடை 70 கிராம். பெரியவர் கணக்கெழுதாமலே, “ஒன்பது பங்கு எடுங்கள், வாய்க்காலுக்குக் கொஞ்சம் கூட” என்றார். பிள்ளைகள் ஏட்டைத் திறந்தனர். மெழுகின் அடர்த்தி 0.96. பட்டறையின் உலோகக் கலவைத் துண்டொன்றை நீரில் நிறுத்து 8.6 என முன்பே அளந்திருந்தனர். வகுத்தால் ஏறத்தாழ ஒன்பது. 630 கிராம். பெரியவரின் தலைமுறை அறிவும் அவர்களின் தராசும் ஒரே எண்ணைச் சொன்னதைக் கண்டு அவரும் அவர்களும் சேர்ந்து சிரித்தனர்.

அன்று இரவு, ஹாஃபிழான எங்கள் மகன்களில் ஒருவன் கேட்டான்: “அத்தா, அவர் வார்ப்பவற்றை நாம் வணங்குவதில்லை. ஆனால் இன்று நமக்கு உஸ்தாது அவர்தானே. அவரை எப்படி எண்ண வேண்டும்?” வீட்டிலேயே இருந்திருந்தால் அவனுக்குள் எழுந்தே இராத கேள்வி அது. ஹிஜ்ரத்தின் ஆபத்தான பாதையில் நபி (ஸல்) அவர்களுக்கு வழிகாட்டியாகச் சென்றவர், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத, பாதைகளை நன்கறிந்த ஒருவர் என்பதை அவனுக்கு நினைவூட்டினோம். பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது என்ற அன்ஆம் அத்தியாயத்தின் கட்டளையையும் சொன்னோம். நாகூரின் உயர்ந்த மினாராவை, 131 அடி உயரத்துக்கு எழுப்பித் தந்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிம்மர் என்பதும் அவனுக்குப் புதிய செய்தி. கொள்கையில் உறுதியும், மனிதரிடம் மரியாதையும் ஒன்றையொன்று குறைப்பதில்லை. தன் வரம்பைத் தெளிவாக அறிந்தவன்தான் அடுத்தவர் வாசலில் அச்சமின்றியும் இகழ்ச்சியின்றியும் நிற்க முடியும்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாங்கள் அப்பட்டறைகளுக்குச் செல்ல உறுதி கொண்டுள்ளோம். வீட்டில் பயிற்றுவிக்கும் சகோதர, சகோதரிகளுக்கு நாங்கள் சொல்வது இதுவே: விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஒரு சுருள்வில் தராசு, ஒரு வெப்பமானி, ஓர் அளவுக் குவளை, ஒரு கூடைக் களிமண் போதும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு வரம்பை முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தயங்கும் குடும்பத்திற்கு வேறு வாசலைத் திறந்து வையுங்கள். தீயையும் உருகிய உலோகத்தையும் கைதேர்ந்தவர்களிடமே விடுங்கள். பெண்பிள்ளைகளைப் பார்வையாளராக்கிவிடாதீர்கள், எங்கள் வகுப்பில் மிகத் துல்லியமாக நிறுத்தவள் 15 வயதுப் பெண். உங்கள் ஊரின் குயவர், தச்சர், கொல்லர் ஆகியோரின் வாசலில் மாணவர்களாகச் சென்று நில்லுங்கள். நாம் எண்ணுவதைவிட விரிவாக அவர்கள் கதவைத் திறக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் நாவுக்கு வேதத்தையும், கைகளுக்குத் திறனையும், நிறுவையில் நேர்மையையும், அண்டை அயலாரிடம் நல்லுறவையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.