ஆடு கடிக்காத வேலி

உண்ணிப்பழம் கறுத்துப் பளபளத்தால் தின்னலாம், பச்சைக் காயை வாயில் வைக்கக் கூடாது. காங்கேயம் பக்கம் வளர்ந்த யாரும் இதைச் சொல்வார்கள். எனக்குச் சொன்னது அம்மிச்சி. "கறுத்தாத்தான் திங்கோணும் சாமி" என்பாள். அவளுக்கு யார் சொன்னது?

வழிவழியாக வந்த அறிவு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இடிக்கிறது. உண்ணிச்செடி இந்த மண்ணில் பிறந்ததே இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கைவழியே ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே பூவின் அழகுக்காகக் கலப்பினமாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வந்து இறங்கியது. இன்றைக்கு முதுமலையும் பந்திப்பூரும் அதன் பிடியில் கிடக்கின்றன. அப்படியென்றால் பழைய ஏடு எதிலும் இந்த விதி இருக்க வழியில்லை. இருநூறு வருஷத்துக்குள் யாரோ கண்டுபிடித்துச் சொன்னதுதான். அது யார் என்று தேடிப் போனேன்.

முதலில் புத்தகங்கள். மதராஸ் மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கிய தொகுதிகளையும், திருச்சியில் ராபினட் உலர்தாவரகத்தை உருவாக்கிய கே.எம். மேத்யூ பாதிரியாரின் தொகுதிகளையும் புரட்டினேன். இலைக் காம்பும் விதையும் அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. பெயர் கண்டுபிடிக்க அவற்றை விட்டால் நாதியில்லை. ஆனால் பிள்ளை தின்னலாமா என்ற கேள்விக்காக எழுதப்பட்டவை அல்ல அவை.

மருத்துவ இதழ்களில் வேறு குழப்பம். ஃப்ளோரிடாவில் உண்ணிக்காய் தின்ற குழந்தைகளைப் பற்றி 1964-இல் ஒரு கட்டுரை வந்தது. பச்சைக் காயைத்தான் அது குற்றம் சொல்கிறது. ஒரு குழந்தை இறந்தும் போயிருக்கிறது. கலிபோர்னியாவின் நச்சுத் தகவல் சேவைக்கு வந்த 600-க்கும் மேற்பட்ட அழைப்புகளை அலசிய 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறது. அம்மிச்சி சொன்ன கோடு அவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை. அதற்காக நான் பச்சைக் காயைத் தின்னப் போவதில்லை.

மாடுகள் விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. இலையில் உள்ள லான்டடீன் என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கும். மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும்.

மாடு என்றதும் கொரங்காட்டு ஞாபகம் வந்தது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. அங்கே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "எது விஷம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ஆத்தா?" என்று கேட்டேன்.

"வேலி எதுக்குப் போட்டம்னு மொதல்ல யோசி கண்ணு. ஆடு கடிச்சா வேலி நிக்குமா?"

புத்தகங்களில் கிடைக்காதது இதில் கிடைத்தது. உயிர்வேலிக்குச் செடி தேர்ந்தவர்களுக்கு இரண்டே வழிதான். ஒன்று முள், இல்லையென்றால் கால்நடை வாய் வைக்காத இலை. முள்ளை நம்பிய வேலியில் களா, சூரை, இசங்கு எல்லாம் பழுக்கும், பிள்ளைகள் தின்பார்கள். முள்ளில்லாமல் நிற்கும் காட்டாமணக்கைக் காப்பது அதன் நஞ்சு. வேலியில் விஷம் தற்செயலாக வந்து சேரவில்லை. உழவர்களே தெரிந்து நட்டது அது.

இதையும் முழுசாக நம்பிவிடக் கூடாது. உண்ணிக்கு முள்ளும் உண்டு, நஞ்சும் உண்டு. யாரும் நடாமல் ஏறிப் படரும் கொடிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கோவைப்பழத்தைக் கிளியோடு போட்டி போட்டுத் தின்னலாம். பக்கத்திலேயே வெடித்து நிற்கும் குன்றிமணி, மண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே அதுதான், மென்றால் ஆளைக் கொல்லும். ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும் என்பார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது.

ஊரில் உலவும் மற்ற சோதனைகள் இன்னும் மோசம். குருவி கொத்தினால் நாமும் தின்னலாம் என்பது ஒன்று. இதயத்தையே நிறுத்தக்கூடிய மஞ்சள் அரளிப் பழத்தைக் குயில் தின்கிறது. பால் வடிந்தால் விஷம் என்பது இன்னொன்று. களாக்காயில் பால் வடியத்தான் செய்கிறது, ஊறுகாயும் போடுகிறோம். அந்தக் களாவும் மஞ்சள் அரளியும் ஒரே குடும்பம்!

உண்ணியின் விதியைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. என் ஊகம், அது மணத்தக்காளியிடமிருந்து கடன் வாங்கியது. அதன் பச்சைக் காயில் சோலனின் கூடுதல், பழுத்தால் குறைந்துவிடும். கறுத்ததைத் தின்னப் பழகிய பிள்ளைகள், புதிதாக வந்த செடிக்கும் அதே கணக்கைப் போட்டிருப்பார்கள்.

ருசி பார்த்துத் துப்பினால் போச்சு என்கிறவர்களுக்குக் காட்டாமணக்கைத்தான் காட்ட வேண்டும். அதன் விதை கசக்காது. கிட்டத்தட்ட நிலக்கடலை ருசி. 2003-ஐ ஒட்டி பயோடீசலுக்காகத் தரிசு நிலமெங்கும் அதை நடச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கொட்டையைத் தின்று கூட்டமாக வாந்தி, பேதியோடு மருத்துவமனையில் சேர்ந்த செய்தி அடிக்கடி வருகிறது. அப்படி நேர்ந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல் உடனே கிளம்ப வேண்டும். காய் மட்டும் போதாது. இலையும் காயும் சேர்ந்த கொப்பு ஒன்றை ஒடித்து எடுத்துப்போனால், எந்தச் செடி என்று டாக்டர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.